உதயகிரிக் கோட்டையில் ஒரு நாள்: நிழலில் உணவும் கல்லில் எழுதிய போர்க்கதையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், வில்லுக்குறியைத் தாண்டித் தக்கலைக்கு முன்பாக, புலியூர்க்குறிச்சியில் அமைந்துள்ளது உதயகிரிக் கோட்டை. ஏறத்தாழ 90 ஏக்கர் நிலத்தையும், சுமார் 260 அடி உயரமுள்ள ஒரு தனிக் குன்றையும் கருங்கல் மதிலால் வளைத்துக் கட்டிய இக்கோட்டையை வனத்துறை இப்போது பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரித்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுச்சோற்றுடன் குடும்பங்கள் வருகின்றன. மர நிழலில் பாய் விரித்து உண்டு, பிள்ளைகளுக்கு மான்களைக் காட்டிவிட்டு மாலையில் வீடு திரும்புகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மதிலுக்குள்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. போரில் பிடிபட்ட அந்நியத் தளபதி ஒருவரை நம்பி மன்னர் தம் படையையே ஒப்படைத்தார். அந்த அந்நியரோடு பழகிய உள்ளூர் அதிகாரி ஒருவர், அரசு இரகசியங்களை ஐரோப்பியருக்குக் கொடுத்தார் என்ற பழியைச் சுமந்து உயிரையும் இழந்தார். இந்த இரண்டு மனிதர்களின் கதையையும் அறிந்து, உணவும் ஓய்வும் குறையாமல், ஒரே நாளில் இக்கோட்டையைப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பள்ளிப் பருவத்தில் நான் முதன்முறை இங்கே சுற்றுலா வந்தபோது மான்களை மட்டுமே பார்த்தேன். சில நூறு அடி தொலைவில் ஒரு கல்லறை இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் முன்னால் நின்றேன். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இருபது ஆண்டுகள் வீணாக வேண்டாம் என்ற எண்ணமே இதை எழுதத் தூண்டியது.

புறப்படும் முன்

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே தை, மாசி, பங்குனி மாதங்களே கோட்டைக்குள் நடக்க மிகவும் ஏற்றவை. ஆனி, ஆடிச் சாரலில் வேளிமலை மேகம் போர்த்தி நிற்கும் அழகு வேறு எப்போதும் வாய்க்காது. ஆயினும் அந்நாட்களில் கல் வழுக்கும், அட்டையும் பாம்பும் இலைச்சருகில் கிடக்கும் என்பதால், சிறு பிள்ளைகளை அழைத்துவருவோர் அதைத் தவிர்ப்பது நல்லது. பேருந்தில் வருவோர் நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறிப் புலியூர்க்குறிச்சியில் இறங்கலாம். இரயிலில் வருவோருக்கு இரணியல் நிலையம் அருகில் உள்ளது. பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று அரண்மனைக்கு விடுமுறை.

உணவைப் பொறுத்தவரை, கெட்டுப்போகாததும் கையில் ஒழுகாததுமே பயணத்துக்கு உகந்தது. புளிச்சோறு, துவையல், அவித்த மரச்சீனிக் கிழங்கு, ஏத்தங்காய் வற்றல், ஒரு சீப்பு மட்டிப்பழம் ஆகியவை போதும். வாழை இலையில் பொதிந்து எடுத்துச் சென்றால் குப்பையும் குறையும். எஞ்சுவதை ஒரு பையில் கட்டி வீட்டுக்கே கொண்டு வந்துவிடவும். குடிநீரைச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துச் செல்லவும். இவற்றுடன் ஒரு சிறிய கைவிளக்கு, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றின் பயன் கல்லறை முன்பு விளங்கும்.

வண்டியிலேயே சொல்லி முடிக்க வேண்டிய முன்கதை

கோட்டையின் கதை கோட்டையில் தொடங்கவில்லை, குளச்சல் கடற்கரையில் தொடங்குகிறது. ஆகையால் வாசலை அடையும் முன்பே, வரும் வழியில், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மிளகு வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும், சிறு நாடுகளை வென்று திருவிதாங்கூரை விரிவாக்கிக்கொண்டிருந்த மார்த்தாண்டவர்ம மன்னருக்கும் மூண்ட பகையில், இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறிய அப்படை, மன்னரின் படை வந்ததும் பின்வாங்கிக் குளச்சலில் தான் அமைத்திருந்த அரணுக்குள் புகுந்துகொண்டது. முற்றுகையின்போது ஒரு குண்டு வெடிமருந்தில் விழுந்து தீப்பற்றவே, சேமித்து வைத்திருந்த அரிசியும் எரிந்து போயிற்று. பசித்த வயிற்றோடு எத்தனை நாள் போரிட முடியும்? 1741 ஆகஸ்டில் டச்சுப் படை சரணடைந்தது. கடலிலும் வணிகத்திலும் வலிமை பெற்றிருந்த ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை ஓர் இந்திய மன்னரின் படை பணியவைத்த அந்த வெற்றிக்கு எழுப்பிய தூண் இன்றும் குளச்சலில் நிற்கிறது.

இப்போரைப் பற்றி நம் கடற்கரை ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கடலிலிருந்து பார்க்கும் எதிரிக்குப் பெரும்படை நிற்பது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்களாம். பனைமரத் தடிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு. செவிவழிச் செய்தி என்ற அடையாளத்தோடே இவற்றைச் சொல்லுங்கள். ஆயினும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எதிரியின் கண்ணை ஏமாற்றுவதும் போரின் ஒரு பகுதி என்பதை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

அப்போரில் பிடிபட்டவர்களில் ஒருவர்தான் யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய். இங்கிருந்து கதை கோட்டைக்குள் நுழைகிறது.

முதலில் கல்லறை, பிறகு மற்றவை

வாசலைக் கடந்ததும் பிள்ளைகள் மான் அடைப்பை நோக்கி ஓடுவார்கள். அவர்களைச் சற்றுத் தடுத்து, முதலில் மதிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இக்கோட்டை வேணாட்டு மன்னர்கள் காலத்திலேயே இருந்தது. குளச்சல் போருக்குப் பிறகு மார்த்தாண்டவர்மர் காலத்தில், டி லனாயின் மேற்பார்வையில், இன்று நாம் காணும் வலிமையோடு கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அதனாலேயே இதற்கு டிலனாய்க் கோட்டை என்ற பெயரும் மக்கள் வழக்கில் உண்டு. தன்னைச் சிறைப்பிடித்த நாட்டுக்கு ஒரு கைதி கோட்டை கட்டிக்கொடுத்தார் என்ற வியப்பு, கல்லின் மீது கைவைத்திருக்கும்போதே சொன்னால்தான் மனத்தில் பதியும்.

அங்கிருந்து நேராகக் கல்லறைக்குச் செல்லுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் வேளையில் அங்கே இருப்பதற்காகவே, எட்டரை ஒன்பது மணிக்குள் புலியூர்க்குறிச்சியை அடைந்துவிடுமாறு பயணத்தைத் திட்டமிட வேண்டும். கூரை இழந்த ஒரு சிறு ஜெபக்கூடம். சுற்றிலும் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதற்குள் டி லனாயின் கல்லறையும், அவருடைய மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளும் அருகருகே உள்ளன. கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன: ஒன்று அவருடைய திருச்சபையின் மொழி, மற்றொன்று அவர் வாழ்ந்து மறைந்த மண்ணின் மொழி.

உச்சி வெயிலில் கல்லெழுத்து கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும், படிக்க வராது. ஒளி பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தேங்கி, எழுத்து எழுந்து நிற்கும். காலை வெயில் கிடைக்கவில்லையெனில், கைவிளக்கைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு ஓரத்திலிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள்; மற்றொருவர் நேர் மேலிருந்து புகைப்படம் எடுக்கட்டும். பின்னர் விளக்கை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி இன்னொரு படம் எடுங்கள். முதல் படத்தில் மறைந்த கோடு இரண்டாவதில் தெரியும். எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சுண்ணத்தூள் பூசுவதோ, எண்ணெய் தடவுவதோ, ஆணியால் அழுக்கைக் கீறுவதோ கூடவே கூடாது. இது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். இத்தகைய சின்னங்களைச் சிதைப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் இருக்கட்டும், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு மழையைத் தாங்கிய எழுத்து நம் கையால் அழிய வேண்டுமா?

இலத்தீன் வாசகத்தின் பொருள் இதுதான். வழிப்போக்கனே, நில்; திருவிதாங்கூர்ப் படைகளின் தளபதியாக இருந்து, ஏறக்குறைய 37 ஆண்டுகள் மிகுந்த விசுவாசத்துடன் மன்னருக்குப் பணியாற்றி, காயங்குளம் முதல் கொச்சி வரையிலான நாடுகளைத் தம் படைவலிமையால் மன்னருக்குப் பணியவைத்தவர் இங்கே உறங்குகிறார்; 61 ஆண்டுகளும் 5 மாதங்களும் வாழ்ந்து, 1777 ஜூன் முதல் நாள் இறந்தார்; அவர் அமைதியில் இளைப்பாறுக.

இப்போது குறிப்பேட்டை எடுத்துப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 1777 ஜூனிலிருந்து 61 ஆண்டும் 5 மாதமும் பின்னால் சென்றால் அவர் பிறந்த காலம் கிடைக்கும். அதை 1741 ஆகஸ்டிலிருந்து கழித்தால், குளச்சலில் பிடிபட்டபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் என்பது தெரியவரும். கல்லூரி முடித்து வேலை தேடும் வயது! அந்த வயதில் கைவிலங்கோடு வந்த ஓர் இளைஞர், மன்னரின் காவற்படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பின்னர் முழுப் படைக்கும் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆனார். நான் அழைத்துச் சென்ற என் அக்காள் மகள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும், "அப்படியென்றால் மாமா, அவர் திரும்ப ஓடிவிடுவார் என்று ராஜாவுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிட்டால் உங்கள் பயணத்தின் பாதி வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஏனெனில் கோட்டைக்குள் இருந்தவை எல்லாமே எதிரிக்குத் தெரியக்கூடாதவை. துப்பாக்கியும் பீரங்கியும் குண்டும் வார்க்கும் உலை இங்கே இயங்கியது. எத்தனை பீரங்கி வார்த்தாயிற்று, வெடிமருந்து எங்கே இருக்கிறது, மதில் எந்தப் பக்கத்தில் இன்னும் முடியவில்லை என்ற செய்திகள் ஒவ்வொன்றுக்கும் போர்க்காலத்தில் விலை உண்டு. திருவிதாங்கூரின் தலைமை அமைச்சராக இருந்த வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்க 1809இல் ஆங்கிலப் படையுடன் வந்த வெல்ஷ் என்ற அதிகாரி, இக்கோட்டையில் 16 அடி நீளமான பித்தளைப் பீரங்கி ஒன்றைக் கண்டதாகவும், நூற்றுக்கணக்கான ஆட்களும் யானைகளும் சேர்ந்து இழுத்தும் அதை நகர்த்த முடியவில்லை என்றும் எழுதியுள்ளார். அப்படிப்பட்ட ஆயுதசாலையின் திறவுகோலை, நேற்று வரை எதிரியாக இருந்தவர் கையில் கொடுத்தார் மார்த்தாண்டவர்மர். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை என்பதற்குக் கல்லறை எழுத்தே சாட்சி.

உண்ட பின் சொல்ல வேண்டிய கதை

குன்றின் பக்கமாகச் சிறிது நடந்துவிட்டு, பதினொன்றரை மணியளவில் உணவுக்கு அமர்ந்துவிடுங்கள். உண்டு முடித்துப் பாயில் சாயும் அந்த அரைமணி நேரத்தை நீலகண்டபிள்ளையின் கதைக்கு ஒதுக்குங்கள். இது கனமான கதை. நடந்துகொண்டே சொல்லி முடிக்கக்கூடியதன்று.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். டி லனாயுடன் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை இழக்காத, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை டி லனாய் சொன்னார் என்பர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். 1749இல் கைது செய்யப்பட்டார். அரசுக்கு எதிராகத் துரோகம் செய்தார், நாட்டின் இரகசியங்களைப் பகைவருக்கும் ஐரோப்பியருக்கும் வெளியிட்டார் என்பவை அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. எருமை மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு, மூன்று ஆண்டுகள் துன்புற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவருடைய கைதுக்கு உண்மையான காரணம் மதமாற்றமா, அரண்மனைப் பகையா, அரசியலா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் ஒரே கருத்து உடையவர்கள் அல்லர். நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, பழி இன்னதென்று சொல்லப்படுகிறது, முடிவு இன்னது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பக்கத்துப் பாயில் அமர்ந்திருப்பவருக்கு இது வரலாறு மட்டுமன்று, வழிபாடாகவும் இருக்கக்கூடும். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சுட்டிக்காட்டுங்கள். பிறப்பால் ஐரோப்பியரான ஒருவர் இந்த மதிலுக்குள் முழு நம்பிக்கைக்கு உரியவராக வாழ்ந்த அதே ஆண்டுகளில்தான், இந்த மண்ணில் பிறந்த ஒருவர் ஐரோப்பியருக்கு இரகசியம் கொடுத்தவர் என்ற பழிக்கு ஆளானார். மான்கள் மேயும் இந்த அமைதிக்குள் எனக்கு எப்போதும் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

கேட்டதைச் சோதிக்கும் முறை

கோட்டைக்குள் உங்களை அணுகி, இங்கிருந்து பத்மநாபபுரம் வரை சுரங்கப்பாதை செல்கிறது, அதில் ஒற்றர்கள் போய் வந்தார்கள் என்று சொல்பவர் கட்டாயம் ஒருவராவது இருப்பார். ஆர்வத்தோடு கேளுங்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உடனே நம்பிவிடாதீர்கள். குமரிக் கடலில் 133 அடிச் சிலையாக நிற்கும் வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதில் வரும் ஒரு குறள், உளவு பார்ப்பவருக்கு மட்டுமன்றி வரலாறு கேட்பவருக்கும் பொருந்தும்:

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறது குறள். ஆகவே குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்து, கண்ணால் பார்த்தது, கல்லிலோ ஆவணத்திலோ படித்தது, ஒருவர் வாயால் கேட்டது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் பத்தியில் உள்ள ஒரு செய்தி மற்ற இரண்டில் ஒன்றிலாவது வந்தால்தான் அதை உறுதியென்று வட்டமிட வேண்டும். 37 ஆண்டுப் பணி என்பது கல்லில் இருக்கிறது, வட்டமிடலாம். துடுப்பைத் தோளில் சாய்த்த மீனவர்கள் மூன்றாம் பத்தியிலேயே இருக்கட்டும். அதனால் அவர்களுடைய பெருமை குறைந்துவிடாது. சுரங்கம் போலத் தெரியும் எந்தக் குழிக்குள்ளும், பொந்துக்குள்ளும் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே காற்று இருக்கிறதா, கல் நிற்குமா என்பது வெளியிலிருந்து தெரியாது.

இந்த வேலை முடிந்த பிறகு மான்களைப் பார்க்கலாம். அதுவரை பொறுத்திருந்த பிள்ளைகளுக்கு அவ்விடத்தில் வேண்டிய அளவு நேரம் கொடுங்கள்.

மாலையிலும், மறுநாள் இருந்தால் மறுநாளும்

மூன்றரை மணிக்குக் கோட்டையை விட்டு வெளியே வந்தால் புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறையைப் பார்த்துவிடலாம். தாகத்தால் வாடிய தேவசகாயம் முழந்தாளிட்டு வேண்டியபோது பாறையில் நீர் ஊறியது என்று அங்கே நம்புகிறார்கள். ஆலய வளாகத்தில் அந்தச் சிறு நீர்க்குழி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, வேண்டிக்கொள்ள வந்தவர்களுக்கு இடம் விட்டு நிற்கவும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் ஆரல்வாய்மொழிக்குச் செல்லுங்கள். மலைகளுக்கிடையே காற்று சீறி வரும் அந்தக் கணவாயில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வட்டக்கோட்டைக் கடல் வரை நீண்ட காப்பு அரண் ஒருகாலத்தில் இருந்தது. 1809 பிப்ரவரி 10 அன்று அதை ஆங்கிலப் படை உடைத்தது வாயிலை மோதியன்று. வெல்ஷின் தலைமையில் ஒரு பிரிவு, யாரும் ஏறமாட்டார்கள் என்று நம்பிக் காவல் தளர்ந்திருந்த தெற்குக் குன்றில் இரவு முழுவதும் ஏறி, விடியும் முன் மேலிருந்து தாக்கியது. காற்றாடிமலை ஆலயத்தின் முன் நின்று குன்றுகளை அண்ணாந்து பார்த்தால், இருட்டில் அந்த ஏற்றம் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். திரும்பும் வழியில் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. முதல் நாள் பார்த்த டி லனாயின் கல்லறைப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அங்கே போங்கள். யோபுவின் கதையைச் சொன்னவரும் கேட்டவரும் அடங்கிய இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை.